ஒகேனக்கல்லில் எடுத்த படத்தில் பெற்றோருக்குப் பின்னால் நிற்பவர்களை இலவச மென்பொருளால் நீக்க முடியுமா?

காவிரிக்கரை, பென்னாகரம்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் மறைந்து வருகிற தை மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. முதலாண்டு நினைவு நாளன்று கூடத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்று அம்மா கேட்டதால், வீட்டிலுள்ள படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். இருவரும் சேர்ந்து, யாரும் சொல்லாமல் தாமாகவே சிரித்தபடி நிற்கும் படம் ஒன்றே ஒன்றுதான் தேறியது. சில ஆண்டுகளுக்கு முன் காணும் பொங்கலன்று ஒகேனக்கல்லில் என் தம்பி தன் கைப்பேசியில் எடுத்த படம் அது.

காணும் பொங்கலன்று அங்கே எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பது நம் மாவட்டத்தாருக்குத் தெரியும். அம்மாவுக்கு நேர் பின்னால் மஞ்சள் சட்டை அணிந்த ஒருவர் நிற்கிறார். அவருடைய உடலில் பாதியை அம்மாவின் தோள் மறைக்கிறது; மீதிப் பாதி அம்மாவின் கொண்டையை ஒட்டித் தெரிகிறது. படத்தின் இடது ஓரத்தில் நான்கைந்து பேர் குளித்துக்கொண்டிருக்கிறார்கள். தொலைவில் ஒருவர் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துச் சுமந்து போகிறார்.

முதலில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். மஞ்சள் சட்டைக்காரரை நீக்கிவிட்டார்கள். ஆனால் அம்மாவின் முகம் வழவழவென்று மாறி, மூக்குத்தியின் கல் காணாமல் போயிருந்தது. அதைவிட வருத்தம் தந்தது இன்னொன்று. தண்ணீரில் கால் நனைக்க அம்மா கழற்றிய செருப்பை அப்பா தன் இடது கையில் பிடித்திருப்பார். அது பார்வைக்கு நன்றாக இல்லை என்று அவர்களாகவே எண்ணி, செருப்பையும் அழித்துவிட்டார்கள். அப்பாவின் விரல்கள் எதையும் பற்றாமல் மடங்கி நின்றன. அம்மா அந்தப் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அதன் பிறகு நானே கைப்பேசியில் கூகுள் ஃபோட்டோஸின் மேஜிக் இரேசரால் முயன்றேன். குளிப்பவர்கள் ஓரளவு மறைந்தார்கள். மஞ்சள் சட்டை இருந்த இடம் குழைந்த சேறு போல ஆகி, அம்மா சூடியிருந்த கனகாம்பரத்தின் நிறம் பாறைமேல் வழிந்துவிட்டது. என்னிடம் 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி இருக்கிறது. பணம் கொடுத்து மென்பொருள் வாங்கும் நிலையில் இல்லை. இலவச மென்பொருளைக் கொண்டு, முகத்தையும் செருப்பையும் தொடாமல், பின்னால் நிற்பவரை மட்டும் நீக்க வழி உண்டா? தம்பியின் கைப்பேசி 13 மெகாபிக்சல் கேமரா உடையது. என்னிடம் இருப்பது அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். 12க்கு 15 அல்லது 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட விரும்புகிறேன்.


அரூர்க்காரன்

சகோதரிக்கு வணக்கம். கைப்பேசியிலேயே முடிக்க வேண்டுமென்றால் ஸ்னாப்சீட் செயலியின் ஹீலிங் கருவியை முயன்று பாருங்கள். அது இலவசம், விளம்பரமும் வராது. தூரத்தில் சிறிதாகத் தெரியும் தலைகளை, படத்தை நன்கு பெரிதாக்கி ஒவ்வொன்றாகத் தடவினால் சுத்தமாக நீக்கிவிடும். ஆளுயர உருவத்தை அதனால் நீக்க இயலாது. கணினியில் மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம் என்றால், உலாவியிலேயே இயங்கும் ஃபோட்டோபீ இருக்கிறது. அதில் விளம்பரம் உண்டு என்றாலும், படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை.

படத்தைப் பதிவேற்றினால் ஆட்களை நீக்கித் தருவதாகச் சொல்லும் வேறு பல இணையதளங்களில் குடும்பப் படங்களைக் கொடுக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. அவற்றுள் பல, இலவசமாகச் சிறிய அளவிலான படத்தை மட்டுமே திருப்பித் தருகின்றன. நீங்கள் கேட்கும் அளவில் அச்சிட அது உதவாது.


மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

சகோதரி, நான் பதினாறு ஆண்டுகள் ஸ்டுடியோவில் டச்சிங், அதாவது படங்களைத் திருத்தும் வேலை பார்த்தவன். உங்களுக்கு நேர்ந்தது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் தவறு. வாடிக்கையாளர் எதை நீக்கச் சொன்னார் என்பதைவிட, எதைத் தொடக் கூடாது என்பதைத்தான் முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தச் செருப்பு உங்கள் வீட்டுக்கு என்னவென்று மௌஸைப் பிடித்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை. அவர் கேட்டிருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் அசல் கோப்பைத் தேடி எடுங்கள். வாட்ஸ்அப் வழியாக வழக்கமான தரத்தில் அனுப்பிய படம், நீண்ட பக்கத்தில் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் சுருங்கியிருக்கும். அதை 15 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு நூற்றுச் சொச்சம் பிக்சல்தான் கிடைக்கும். முகம் மங்கிப் போகும். 13 மெகாபிக்சல் கேமராவின் அசல் படம் பொதுவாக 4160க்கு 3120 பிக்சல் இருக்கும். அதிலிருந்து 12க்கு 15 அளவை வெட்டினால் 3900க்கு 3120 கிடைக்கும். அங்குலத்துக்கு 260 பிக்சல், சுவரில் மாட்டும் படத்துக்குத் தாராளம். வெட்டுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. மீதமாகும் 260 பிக்சல் அகலப் பட்டை முழுவதையும் இடது ஓரத்திலிருந்தே எடுத்துவிட்டால், குளிப்பவர்களில் ஓரத்தில் நிற்பவர்கள் எந்த மென்பொருள் வித்தையும் இல்லாமலே போய்விடுவார்கள். ஆகவே 12க்கு 18 வேண்டாம். அந்த அளவுக்கு அகலத்தை அப்படியே வைத்து உயரத்தைத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.

இனி மஞ்சள் சட்டை. இதற்கு கிம்ப் என்ற மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். 1990களிலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்துவரும், முற்றிலும் இலவசமான மென்பொருள் அது. உங்கள் பழைய மடிக்கணினியிலும் ஓடும். எந்த மென்பொருளானாலும் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதருக்குப் பின்னால் இருந்த பாறை உங்கள் படத்தில் இல்லை. கேமரா அதைப் பார்க்கவே இல்லை. நீக்குதல் என்று நாம் சொல்வது, வேறோர் இடத்துப் பாறையைக் கொண்டுவந்து அங்கே ஒட்டுவதுதான். தானாக நிரப்பும் கருவிகள் எந்த இடத்துப் பாறை என்பதை அவையே முடிவு செய்கின்றன. பக்கத்தில் சேலையும் பூவும் இருந்தால் அவற்றிலிருந்தும் எடுத்து ஒட்டிவிடும். உங்கள் கனகாம்பரம் பாறையில் வழிந்தது அப்படித்தான். அந்த முடிவை நீங்களே எடுக்கும்படி வேலையை அமைத்துக்கொண்டால் முகமும் செருப்பும் பத்திரமாக இருக்கும்.

படத்தைத் திறந்ததும் லேயரை, அதாவது படம் இருக்கும் அடுக்கை, நகல் எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். அடுத்துப் பாத் கருவியால் அம்மாவின் தோள், கழுத்து, கொண்டை ஆகியவற்றின் விளிம்பை ஒட்டிப் புள்ளி வைத்துக்கொண்டே வந்து, மஞ்சள் சட்டைக்காரரையும் அவரைச் சுற்றிச் சிறிது பாறையையும் உள்ளடக்கி மூடுங்கள். அந்தப் பாதையைத் தேர்வாக, அதாவது தூரிகை வேலை செய்யும் எல்லையாக, மாற்றி, விளிம்பை இரண்டு பிக்சல் அளவுக்கு மென்மையாக்குங்கள். இதற்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பொறுமையாகச் செய்யுங்கள். மற்ற வேலை எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. தேர்வு ஒன்று இருக்கும்வரை தூரிகை அதற்கு வெளியே எதையும் தொடாது. உங்கள் கை தவறினாலும் அம்மாவின் முகத்தில் ஒரு புள்ளிகூட மாறாது.

பிறகு, ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் குளோன் கருவியை எடுத்து, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி நல்ல பாறை உள்ள இடத்தில் ஒரு முறை சொடுக்கி அதை மூலமாக வைத்து, சட்டையின் மேல் தடவுங்கள். பாறையில் கீற்றுகள் எந்தச் சாய்வில் ஓடுகின்றனவோ அதே சாய்வில் மூலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் ஒரே விரிசல் மூன்று முறை தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அடிக்கடி மூலத்தை மாற்றுங்கள். ஹீல் கருவி இதைவிட எளிது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் ஹீல், தடவும் இடத்தின் நிறத்தோடு மூலத்தைக் கலந்து தரும் கருவி. மஞ்சள் சட்டையின் மேல் நேரடியாகத் தடவினால் மஞ்சள் பாறைதான் கிடைக்கும். முதலில் குளோனால் மஞ்சள் முழுவதையும் மூடிவிட்டு, அதன் பிறகு ஒட்டுத் தெரியும் இடங்களில் மட்டும், தேர்வின் விளிம்பை நெருங்காமல், ஹீலால் சமன் செய்யுங்கள்.

கடினமான இடம் கொண்டைதான். பிசிறாக நிற்கும் முடிகளுக்கிடையே மஞ்சள் தெரியும். அங்கே விளிம்பு வரைய இயலாது. பலரும் அந்த முடிகளை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். தலை அட்டையில் கத்தரித்தது போல ஆகிவிடுகிறது. நான் செய்யும் முறை வேறு. குளோன் கருவியின் மோடு (கலக்கும் முறை) என்ற இடத்தில் டார்க்கன் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுத்து, கருமையான பாறையை மூலமாக வைத்து, முடியின் மேலேயே மெல்லத் தடவுங்கள். இந்த முறையில் தூரிகை, மூலத்தைவிட வெளிச்சமாக உள்ள பிக்சல்களை மட்டும் மாற்றும். மஞ்சள் வெளிச்சமானது, ஆகவே பாறையாகிவிடும். முடி பாறையைவிடக் கறுப்பு, ஆகவே ஒவ்வொரு இழையும் இருந்த இடத்திலேயே இருக்கும். நரைத்த இழைகள் இருந்தால் அவை மட்டும் மறையக்கூடும். அங்கே தூரிகையைக் கொண்டுபோகாதீர்கள்.

குளிப்பவர்களில் எஞ்சுபவர்களுக்கு ரீசிந்தசைசர் என்ற செருகுநிரல் போதும். அது கிம்ப்புடன் சேர்ந்து வருவதில்லை. உங்கள் கிம்ப் பதிப்புக்குப் பொருந்துவதைத் தனியே சேர்க்க வேண்டும். ஆளைச் சுற்றித் தளர்வாகத் தேர்வு செய்து, ஹீல் செலக்‌ஷன் என்பதை அழுத்தினால், சுற்றியுள்ள நீரைக் கொண்டு நிரப்பிவிடும். நுரைத்த நீரில் சிறு தவறு யார் கண்ணுக்கும் தெரியாது.


நடுகல்தேடி

மேலே நண்பர் சொன்ன முறை சரியானது. ஆயினும், இல்லாத பாறையை ஒட்டுவதற்கு முன், உண்மையான பாறை வேறு எங்கேனும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம். அசல் கோப்பைத் தேடும்போது, அதே நிமிடத்தில் உங்கள் தம்பி எடுத்த மற்ற படங்களையும் சேர்த்துக் கேளுங்கள். கைப்பேசியில் ஒரே ஒரு படம் எடுத்து நிறுத்துபவர்கள் குறைவு. நன்றாக இல்லை என்று ஒதுக்கிய படத்தில் அந்த மஞ்சள் சட்டைக்காரர் இரண்டடி நகர்ந்திருந்தால், அவருக்குப் பின்னால் இருந்த பாறை அதில் பதிந்திருக்கும்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களைப் படமெடுத்துப் பதிவு செய்வது என் ஓய்வு நேர வேலை. ஒரு முறை கல்லின் ஓரத்தில் கை வைத்து நின்ற சிறுவனைத் தானியங்கிக் கருவியால் நீக்கினேன். கல் மிக அழகாக நிரம்பியது. பெரிதாக்கிப் பார்த்தபோது, சிறுவனின் கை இருந்த இடத்தில் வட்டெழுத்தைப் போலவே இரண்டு எழுத்துகள் முளைத்திருந்தன. எந்தக் கல்வெட்டிலும் இல்லாத எழுத்துகள் அவை. யாரேனும் அதை நம்பிப் படித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றே அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகு கற்களின் படங்களில் நிரப்பும் கருவிகளை நான் தொடுவதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மல்லசந்திரத்தில் உள்ள, பழங்காலக் கல்லறைகளான கற்திட்டைகளைப் போலப் பார்வையாளர்கள் ஓயாமல் குறுக்கே வரும் இடங்களில், முக்காலியில் கேமராவை நிறுத்தி, சிறிது இடைவெளி விட்டுப் பத்துப் பதினைந்து படங்கள் எடுக்கிறேன். கிம்ப்பில் அவற்றை லேயர்களாக அடுக்கி, ஜிமிக் என்ற இலவசச் செருகுநிரலில் மீடியன் முறையில் கலந்தால், ஒவ்வொரு புள்ளியிலும் நடுமதிப்பு மட்டும் எஞ்சும். ஓரிடம் பாதிக்கு மேற்பட்ட படங்களில் மறைக்கப்படாமல் இருந்திருந்தால் போதும். நடமாடியவர்கள் அனைவரும் மறைந்து, அங்கே உண்மையில் இருந்ததே கிடைக்கும். ஒகேனக்கல்லில் இனிமேல் படமெடுப்பவர்களும் இதைச் செய்யலாம். ஆனால் விழும் நீர் திரை போல வழவழப்பாகிவிடும் என்பதையும், முன்னால் நிற்பவர்கள் அசையக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்களுக்கு இரண்டு படங்கள் கிடைத்தாலே போதும். நல்ல படத்தை மேல் லேயராகவும் ஒதுக்கிய படத்தைக் கீழ் லேயராகவும் வைத்து, மேல் லேயரின் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் இடங்கள் கறுப்பாகும். அம்மாவின் தோளுக்குப் பின்னாலுள்ள பாறை கறுக்கும்வரை கீழ் லேயரை நகர்த்தி, தேவையானால் சிறிது திருப்பிப் பொருத்துங்கள். தம்பி ஓரடி நகர்ந்து எடுத்திருந்தால் தூரத்துப் பாறை பொருந்தும்போது காலடிப் பாறை பொருந்தாது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிறகு மோடைப் பழையபடி மாற்றி, மேல் லேயருக்கு வெள்ளை மாஸ்க் (எந்த இடம் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் திரை) சேர்த்து, மஞ்சள் சட்டையின் மேல் கறுப்பு நிறத்தால் தடவினால் கீழேயுள்ள உண்மையான பாறை தெரியும். தவறிப் போனால் வெள்ளையால் தடவி மீட்டுக்கொள்ளலாம். எதுவும் அழிவதில்லை.


காவிரிக்கரை, பென்னாகரம்

அனைவருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை. தம்பியின் பழைய மெமரி கார்டை அலமாரியிலிருந்து தேடி எடுத்தோம். அசல் படம் 4160க்கு 3120 அளவில் அப்படியே இருக்கிறது. நடுகல்தேடி ஐயா சொன்னது போலவே, அதற்கு அடுத்து எடுத்த படம் ஒன்றும் இருந்தது. அதில் அம்மா கண்களை மூடியிருக்கிறார். அதனால்தான் தம்பி அதை யாருக்கும் அனுப்பவில்லை. ஆனால் மஞ்சள் சட்டைக்காரர் அதில் முழுவதுமாக வலப்பக்கம் நகர்ந்துவிட்டார். பாறை நன்றாகத் தெரிகிறது.

மூன்று இரவுகள் உட்கார்ந்து பொருத்தினேன். இரண்டாவது படம் சற்று வெளிச்சமாக இருந்ததால், கீழ் லேயரில் கர்வ்ஸ் கருவியைக் கொண்டு வெளிச்சத்தைச் சிறிது குறைத்த பிறகு பாறையின் நிறம் ஒன்றிவிட்டது. கொண்டை ஓரத்தில் மாந்தோப்பு ஐயா சொன்ன டார்க்கன் ஒன்லி முறையைக் கையாண்டேன். ஒவ்வொரு முடியாக அப்படியே இருக்கிறது. பரிசல் சுமப்பவரையும் நீக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். “பரிசலு இருக்கட்டும், அது இல்லாட்டி ஒகேனக்கல்லுன்னு எப்படித் தெரியும்” என்றார். ஆகவே அவரை விட்டுவிட்டேன். செருப்பு அப்பாவின் கையிலேயே இருக்கிறது.

இப்போது ஒரே ஒரு சிக்கல். முன்னால் உள்ள தட்டைப் பாறையில் விழும் நிழலில் மூன்று தலைகள் தெரிகின்றன. அப்பா, அம்மா நிழல்களோடு அந்த மனிதரின் நிழலும் ஒட்டிக் கிடக்கிறது. காலடிப் பாறை இரண்டாவது படத்தோடு பொருந்தவில்லை. நிழல் முழுவதையும் நீக்கிவிடலாமா?


மாந்தோப்பு, கிருஷ்ணகிரி

நிழல் முழுவதையும் நீக்கிவிடாதீர்கள், சகோதரி. காலடியில் நிழல் இல்லாவிட்டால் இருவரும் பாறையில் நிற்காமல் மிதப்பது போலத் தெரியும். மூன்றாவது தலையை மட்டும் எடுங்கள். அம்மாவின் நிழல் தலையைச் சுற்றிப் பாத் கருவியால் ஒரு வளைவு வரைந்து, அதற்கு வெளியே உள்ள பகுதியைத் தேர்வாக்கி, வெயில் படும் பாறையைக் குளோன் செய்யுங்கள். முகத்தின் ஓரத்துக்குச் செய்தது போல இங்கே இரண்டு பிக்சல் மென்மை போதாது. நிழலின் ஓரம் தூரம் செல்லச் செல்ல மங்கும். அப்பாவின் நிழல் தலையின் ஓரம் எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்று பார்த்து, அதே அளவுக்கு மென்மையாக்குங்கள். இருவரின் நிழலும் ஒரே சாய்வில் விழுகிறதா என்றும் கடைசியில் ஒரு முறை சரிபாருங்கள்.

முடித்தபின் கிம்ப்பின் சொந்த வடிவத்தில் ஒரு பிரதியைச் சேமித்துவிட்டு, அச்சுக்குத் தனியாக ஜேபெக் எடுங்கள். பெரிய படத்தை நேராக அச்சிடக் கொடுக்க வேண்டாம். அம்மாவின் தோளும் கொண்டையும் வரும் பகுதியை, 6 அங்குல நீளத்துக்கு 1560 பிக்சல், 4 அங்குல அகலத்துக்கு 1040 பிக்சல் என்ற கணக்கில் வெட்டி, 4க்கு 6 தாளில் ஒரு பிரதி போட்டுப் பாருங்கள். பெரிய படத்தில் அந்த இடம் எப்படித் தெரியுமோ அதே அளவில் கைக்கு வந்துவிடும். ஸ்டுடியோவில் கொடுக்கும்போது நிறத்தையும் முகத்தையும் அவர்கள் தாமாகத் திருத்தாமல், கோப்பில் உள்ளபடியே அச்சிட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மாலைக்குள் மறந்துவிடுவார்கள்.